மூலையில் ஒளிந்திருந்த பட்டன்

நான் ஏழாவது முழுப்பரீட்சை எழுதி முடித்த லீவில்தான் அப்பாவின் கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. கோயமுத்தூரில் பம்புசெட் செய்கிற கம்பெனி அது. பம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது அப்பாவின் வேலை. பதினாலு வருஷமாக அதே நாற்காலி.

புதுக் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். இடது மூலையில் எப்போதும் இருக்கும் பட்டனைக் காணோம். வரைபடங்களை எங்கே தேடுவது, எப்படி அணைப்பது, எதுவும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. யாரையும் கேட்கக் கூச்சம். சாயங்காலமானால் வயரைப் பிடுங்கிவிட்டு வருவார். அப்படிப் பிடுங்கியதில் ஒருமுறை இரண்டு நாள் வேலை அழிந்துபோனது. "மூஞ்சியவே மாத்திப்போட்டானுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா வீட்டு லேப்டாப்பிலும் அதே கட்டங்கள்தான். எனக்கு அதில் நல்ல பழக்கம். ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அதற்குள் சின்ன முதலாளி வந்து பழைய வரைபடம் ஒன்றைக் கேட்டார். அப்பாவைவிட இருபது வயது இளையவர். அப்பா ஒவ்வொரு கட்டமாக அமுக்கினார். வானிலை வந்தது, செய்தி வந்தது, வரைபடம் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மவுசை வாங்கி வலது மூலைக்கு நகர்த்தினேன். ஒரு பட்டை எட்டிப் பார்த்தது. அதில் பெயரைத் தேடி வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே, அணைப்பது எப்படி என்றும் காட்டினேன்.

சின்ன முதலாளி என் தலையைத் தடவினார். "ஏனுங்க, புள்ளைக்கு ஒரு நிமிசந்தானுங்க ஆச்சு. உங்களுக்கு ஒரு மாசமாத் தெரியலீங்களே" என்றார். குரல் உயரவேயில்லை. இத்தனை 'ங்க' போட்டுப் பேசுகிறாரே, அப்பாவுக்கு இங்கே எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், நான் செய்தது சரிதானா என்று கேட்டேன். "நல்லாத்தான் செஞ்சே கண்ணு" என்றார், வெளியே பார்த்தபடி.

திங்கட்கிழமையிலிருந்து அப்பாவுக்கு குடோனில், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. விரல்களில் காய்ந்த பசையோடு வீட்டுக்கு வருவார். அம்மா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் தோழிகளிடம் பெருமையாகச் சொன்னேன், அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரிடமிருந்து எங்கப்பாவை நான்தான் காப்பாற்றினேன் என்று.