ஒரு காதும் இரண்டு ஸ்பீக்கர்களும்

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன், எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போன பிறகும் அதே பள்ளியில், அதே வகுப்பில் இடம். முப்பத்தொரு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் படிப்பில் சான்றிதழ். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவது முறை ஓட்டுநர் உரிமம். "காது கேக்காத பொண்ணுக்கு ஸ்பீக்கர் கடையில என்ன வேலை?" என்று கேட்ட முதலாளியின் கடையிலேயே வேலை. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்த தையல்காரி. அளவு மட்டும் எனக்குத் தப்பாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கடையில் மூன்று வருடம் அவள் பின்னறையில் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வீடுகளுக்குப் போய் ஸ்பீக்கர் வைத்துக் கொடுப்பது முதலாளியின் வேலை. வைத்து முடித்ததும் ஒரு தாளில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கீழே, 'அமைத்தவர்' என்ற இடத்தில் முதலாளி போடுவார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால்தான் ஒரு பல் டாக்டரம்மாவின் வீடு என் தங்கைக்கு வந்தது.

"அந்தம்மா கையெழுத்துப் போட்டா கீழே நீயே போடு. இனிமே எல்லா வீடும் உனக்குத்தான். போடலேன்னா பழையபடி பின்னறை," என்றார். போகும்போது கூப்பிட்டு, "காது விஷயம் மட்டும் அங்க வெளிய வரக் கூடாது. கடை மானம் போயிடும்," என்றும் சொன்னார்.

டாக்டரம்மா ஆளுயர ஸ்பீக்கர்தான் வேண்டுமென்று சொல்லியிருந்தார். என் தங்கை ஒரு வாரம் முன்பே அறையைப் பார்க்கப் போனாள். நாலு மூலையிலும் நின்று கைதட்டிப் பார்த்தாள். "இந்த அறைக்கு அது பத்து வயசுப் பிள்ளைக்கு அப்பா சட்டை போட்ட மாதிரி டாக்டர். அடிச் சத்தம் மூலையில முட்டிக்கிட்டு நின்னு, பாடுறவங்க குரலை முழுங்கிடும்," என்று சொல்லி, ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ஜோடியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். பெரிய விற்பனை கைநழுவியதில் முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆக, தவறினால் தாங்கிப் பிடிக்க அவரும் இல்லை.

ஸ்பீக்கர் வைக்கிற அன்று, தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று நான் கூடப் போனேன். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாக ஓடவிட்டு, வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்தாள். ஆனால் இரண்டும் சேர்ந்து பாடும்போது குரல் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு காது வேண்டும். அந்த நடுவை அவள் அளந்துதான் பிடிப்பாள். நாற்காலியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடது பக்கத்தைக் கடையின் இரும்பு டேப்பால் அளந்தாள். நூற்றிரண்டு அங்குலம். அதற்குள் பிளக் எங்கே என்று கேட்டு டாக்டரம்மா கூப்பிட்டார். அவள் போன நேரத்தில், சும்மா நிற்பானேன் என்று வலது பக்கத்தை நான் அளந்து வைத்தேன். சாக்குக்கட்டியால் குறி போட்டு, நூற்றிரண்டு. "வச்சாச்சுடி," என்றேன். அவள் தலையாட்டினாள்.

டாக்டரம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணை மூடிக்கோங்க டாக்டர்."

"தினமும் நான் மத்தவங்களை இப்படித்தான் உக்கார வைக்கிறேன். வலிக்காதுல்ல?"

பாட்டு ஓடியது. பாதியில் அவர் புருவம் சுருங்கியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுறவ நடுவுல இல்லையேம்மா. இடது பக்கமா தள்ளி நிக்கிறா."

என் தங்கை என்னைப் பார்த்தாள். அவள் வயர்களைப் பார்த்தாள், இடம் மாற்றிச் சொருகினாள். "இப்போ?" "அதே இடது பக்கம்தான்." ஆம்ப்ளிஃபையரில் இட வலச் சத்தத்தைச் சமமாக்கும் குமிழைப் பார்த்தாள், அது நேராகத்தான் இருந்தது.

"என்னை ஏன் கேக்கறே? நீயே உக்காந்து கேட்டுப் பாரேன்," என்று டாக்டரம்மா எழுந்து இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். "ஆமா டாக்டர், தெரியுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எதையாவது நகர்த்தியிருக்கலாம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். பாட்டு முடியும்வரை அவள் அப்படியே இருந்தாள்.

"எனக்கு இடது காது கேக்காது டாக்டர். நடு எங்கன்னு எனக்குக் கேட்டுத் தெரியாது. அளந்துதான் வைப்பேன். அளவுலதான் எங்கியோ தப்பு."

டாக்டரம்மா மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். எனக்குப் பின்னறை கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்ப மறுபடி அள," என்றார்.

இடது நூற்றிரண்டு. வலது, அதே இரும்பு டேப்பில், நூற்று மூன்றேகால்.

"அக்கா, நீ எதுல அளந்தே?"

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பதினாலு வருடமாகக் கழுத்தில் கிடக்கிற என் துணி டேப். அவள் அதை வாங்கி இரும்பு டேப்போடு சேர்த்துத் தரையில் விரித்தாள். அறுபது அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் நீண்டுபோயிருந்தது. அதே டேப்பில் உடம்பையும் துணியையும் அளந்தால் தப்பு தெரியாது. அதனால்தான் இத்தனை வருடமாக எனக்கும் தெரியவில்லை.

"அதான் என் ஜாக்கெட் எல்லாம் தொளதொளன்னு இருக்கா?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

வலது ஸ்பீக்கரை ஒன்றேகால் அங்குலம் முன்னே நகர்த்தினாள். டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்து கண்ணை மூடினார். இந்த முறை பாட்டு முழுக்க ஓடியது.

"வந்துட்டா. நேரா எதிர்ல நிக்கிறா," என்றார். பிறகு என் தங்கையைப் பார்த்து, "கடைவாய்ப் பல்லு எனக்கு மட்டும் நேரா தெரியுதா என்ன? வாய்க்குள்ள கண்ணாடியை வச்சுத்தான் பாக்கறேன்," என்று சொல்லித் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

என் தங்கை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, 'அமைத்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். 2014 மார்ச் 19, புதன்கிழமை.