கச்சான் காற்றில் வெடித்த பதினேழு போத்தல்கள்

துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணிய நான், ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குசினியில் பன்னிரண்டு போத்தலோடு இஞ்சி பியர் தொடங்கினேன். இஞ்சி, சீனி, தேசிக்காய், ஈஸ்ட். வெறி ஏறாத பானம். ஆனாலும் ஒழுங்கையில் கதை வேறு. "ஐயா இந்த வயசில வீட்டில பியர் காய்ச்சிறாராம்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் நால்வர் இப்போது வாடிக்கையாளர்கள்.

பன்னிரண்டு அறுபதாகியது. மூன்றாம் வருடம் கப்பல்துறையில் ஒரு தகரக் கொட்டில் வாடகைக்கு எடுத்தோம். மூதூர் வியாபாரி ஒருவர் தன் சின்ன லொறியில் இஞ்சி இறக்கிவிட்டு, நிறைந்த பெட்டிகளைக் கடைகளுக்கு ஏற்றிப்போவார். அவர்தான் போன ஆனியில் நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் ஓடரைப் பிடித்துத் தந்தார்: சனிக்கிழமைக் கலியாணத்துக்கு நூற்றிருபது. பிடித்துப்போனால் கிழமைக்குக் கிழமை எடுப்பார்களாம். அது தவறினால் கொட்டிலை விட்டுக் குசினிக்கே திரும்பவேண்டியதுதான்.

என் கணக்கு, போத்தலில் அடைத்து எழுபத்திரண்டு மணித்தியாலத்தில் பதம், உடனே ஐஸில் வைக்கவேணும். ஒவ்வொரு பெட்டியிலும் நேரத்தை எழுதி ஒட்டுவேன். புதன் காலை கொட்டிலைத் திறந்தால் பதினேழு போத்தல் வெடித்துக் கிடந்தன. கணக்குப்படி இன்னும் பத்து மணித்தியாலம் இருந்தது. ஆனியில் மேற்கிலிருந்து அனலாய் வீசும் கச்சான் காற்று தகரத்தைச் சுட்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"மிச்சத்தை ஐஸில போட்டு இப்பவே குடுப்பம் ஐயா. அங்க வெடிச்சா அவங்கட பாடு" என்றார் வியாபாரி.

"மாப்பிள்ளைக்கு எத்தனை கண் மிஞ்சும்? எண்ணிச் சொல்லுங்கோ" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்கட மணிக்கூட்டுக்கு வெயில் தெரியுமோ?"

முன்பு அவள் பெட்டிக்கு ஒரு போத்தலில் இரண்டு முந்திரிகை வத்தல், காய்ந்த திராட்சைதான், போடுவாள். உள்ளே காஸ் ஏறி அவை மேலே வந்து மிதந்தால் பியர் பதம். யாரோ அதைப் பூச்சி என்று போத்தலைத் திருப்பித் தந்ததால் நான்தான் நிறுத்தினேன்.

ஈரச் சாக்கைப் போர்த்தி, நூற்றுமூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினோம். கடைகளுக்கென்று ஊறிய அண்டாவிலிருந்து புதிதாய் அடைத்து முடிக்கப் பகல் ஒன்றேகால் மணியாகிவிட்டது. மனைவி ஐந்து பெட்டியிலும் பெட்டிக்கு இரண்டு வத்தல் போட்டாள். நான் பஸ்ஸேறி நிலாவெளிக்குப் போய், வெடித்ததை மறைக்காமல் மனேஜரிடம் சொன்னேன்.

"அப்ப எப்ப தருவீங்கள்?"

"மணி சொல்ல ஏலாது. வத்தல் மிதக்கவேணும்."

"கலியாணம் வத்தலைப் பார்த்துக்கொண்டு நிக்காது ஐயா. வெள்ளி அஞ்சு மணிக்கு முதல் வராட்டி சோடாவுக்குச் சொல்லிப்போடுவன்."

"ஓம்" என்றேன்.

வியாழன் முழுக்கக் கதிரை போட்டுப் பெட்டிகளுக்கு முன் இருந்தேன். முப்பத்தொன்பது தடவை பார்த்தேன். வெள்ளி பதினொன்றேகாலுக்குப் பத்தாவது வத்தலும் மேலே வந்தது. நாற்பத்தாறு மணித்தியாலம். போத்தல்களை ஐஸில் புதைத்து ஏற்றிய லொறி மூன்று மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்றது.

மனேஜர் ஒன்றைத் திறந்து நின்றபடியே குடித்தார். பிறகு, "கிழமைக்கு நாற்பத்தெட்டுத்தான் எடுப்பன்" என்றார். நான் எதிர்பார்த்தது நூற்றிருபது. திரும்பும் வழியெல்லாம், கூட வந்த மனைவியிடம் அதைப்பற்றிப் புறுபுறுத்தேன். ஆனாலும் நாற்பத்தெட்டென்றால் இரண்டு பெட்டி. கொட்டிலை விடவில்லை. திங்கள் காலை அடுத்த அண்டாவுக்கு இஞ்சி இடித்தோம்.