மூன்றடியில் நிற்கும் கவி

கவியை மூன்றடியோடு நிறுத்திக்கொள்வார். கயிறு விறைத்து நிற்கும், குதிகால்கள் மணலுக்குள் புதைந்திருக்கும், வலை எங்கேயோ கடலுக்குள் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். இவரோ வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

"கீரி மீன் கூட்டமெல்லாம்
கெழக்கால போகுதென்டு
ஊருக்குச் சேதி வர…"

அவ்வளவுதான். நாலாம் அடி கயிற்றில் நிற்கும் வேறு யாரிடமிருந்தாவது வர வேண்டும். வரும். கரைப்பக்க மேல்நுனியில் நிற்கும் ஒருவர், "உம்மா நீ உலய வையி" என்று எடுத்துக் கொடுப்பார். அத்தனை பேரும் "ஏலேலோ" என்று பின்னால் சாய்வார்கள். கயிறு ஒரு முழம் கரைக்கு ஏறும். புதிதாகக் கரைக்கு வந்தவர்கள் மனிதருக்கு மறதி என்று நினைத்துக்கொள்வார்கள். மறதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பெயர் மீராமுகைதீன். சாய்ந்தமருதுக் கரையில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். "கடதாசி மாப்பிள" என்று கேட்க வேண்டும். பெண் எடுத்து வந்தவர் என்பதால் மாப்பிள. இடுப்புச் சாறன் மடிப்பில் எந்நேரமும் ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் மடித்த கடதாசியும் பேனையும் என்பதால் கடதாசி. பெரிய அலை வந்தால் முதலில் அந்த உறையைத்தான் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். தன்னைக் காப்பாற்றிக்கொள்வது அதற்குப் பிறகுதான்.

மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வளவுக்குப் போக வேண்டும். அப்படித்தான் ஸம்ஸியாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் தூக்கம் பிடிக்கவில்லை. தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவருக்கு அது இல்லாமல் கண் மூடாது. ஸம்ஸியா கேட்பாள்: "கடல் இரையிறது காணாதா உங்களுக்கு? உலக்கய எடுத்து இடிக்கட்டா?"

கொஞ்ச நாளில் அவரே கடலுக்குள் ஒரு தறியைக் கண்டுபிடித்துக்கொண்டார். ஓர் அலை தறியின் நாடா போல ஓடி வருகிறது, ஓடித் திரும்புகிறது. யாரோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து நீலப் புடவையாக நெய்து நெய்து கரையில் சுருட்டி வைக்கிறார்கள். அப்படி நினைத்தால் தூக்கம் வந்துவிடும். இன்றைக்கும் அவர் கடலைப் பார்க்கிற பார்வை அதுதான். தொழிலுக்கு வந்தவரின் பார்வை இல்லை அது, புடவைக் கடையில் விலை கேட்காமல் நிற்பவரின் பார்வை. யாருடைய சாறனைக் கண்டாலும் அதன் கரையைப் புரட்டி நெசவு பார்க்காமல் விட மாட்டார். பள்ளிவாசலில் ஸப்பில், தொழுகை வரிசையில், நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் சாறனில் கண் போய்விடுகிறது என்று ஸம்ஸியாவிடம் முறையிட்டுத் தௌபாச் செய்து பாவமன்னிப்புத் தேடியிருக்கிறார். விட்டபாடில்லை.

வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கவும் தறியில் வேலை குறைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எழுபத்தெட்டுச் சூறாவளியும் வந்தது. தென்னைகளைத் தீக்குச்சி போல ஒடித்துப் போட்டது, கரையிலிருந்த மீன்வாடிக் குடிசைகளைத் தூக்கிக்கொண்டு போனது. தோணியை மேட்டுக்கு இழுத்துக் கட்டப் போன சாலிஹ் என்ற கரைவலை இளைஞனையும் கொண்டுபோனது. ஜனாஸாவாக அடக்க உடல்கூடக் கரைக்கு வரவே இல்லை. கடல் அடங்கித் தொழில் தொடங்கியபோது கரைவலைக்கு ஆள் போதவில்லை. "வாங்க மாப்பிள, கயிறு இழுக்கப் படிப்புத் தேவல்ல" என்று கூப்பிட்டார்கள். போனார்.

கரைவலையில் ஒவ்வொருவருக்கும் இடுப்பில் ஒரு துண்டுக் கயிறு உண்டு. அதன் முடிச்சை நெடுங்கயிற்றில் கொளுவிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுக்க வேண்டும். மேல்நுனிக்கு வந்துவிட்டவர் அவிழ்த்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் ஓடி மறுபடி கொளுவுவார். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தாலும் யாருக்குப் பின்னால் யார் என்பது மட்டும் மாறாது. சாலிஹ் நின்றது கூடப்பிறந்த மூத்த காக்கா பதியுதீனுக்குப் பின்னால். ஒவ்வொரு முறையும் இழுக்கும் முன்னர் பதியுதீனின் இடக்கை திரும்பிப் பாராமலே பின்னால் போய்த் தம்பியின் முடிச்சைத் தடவி இறுக்கிவிட்டு வரும். இளைய பிள்ளை, எப்போதும் தளர்வாகத்தான் கட்டுவான். அந்த இடத்தில்தான் மீராமுகைதீனை நிறுத்தினார்கள். கை பின்னால் வரவில்லை. அதை அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

முதல் நாளே தன்னிடமிருந்த கவியை எடுத்துவிட்டார். பத்திரிகைக்கு எழுதுகிற மாதிரிக் கவி. நிலவு வந்தது, மணல் வந்தது, மனிதனின் பசி வந்தது. கயிறு மட்டும் வரவில்லை.

"நல்லாத்தான் இரிக்கி மச்சான்," என்றார் பதியுதீன். "ஆனா இது எங்க முடியிது? நாங்க எப்ப இழுக்கிற?"

"இது இழுக்கிற கவி இல்ல மச்சான். வாசிக்கிற கவி."

"அப்ப வலயயும் வாசிச்சே கரைக்கு எடுங்க."

கயிறு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அதிலிருந்து வாயைக் கட்டிக் காதைத் திறந்து வைத்துக்கொண்டார். விடியற்புகாரின் மூடுபனிக்குள் கடல் எது வானம் எது என்று தெரியாத வேளைகளில், முன்னும் பின்னும் நின்றவர்கள் சாலிஹைப் பற்றிக் கதைப்பார்கள். பகிடி சொல்லுமுன்னே தானே சிரித்துவிடுவானாம். போட்டிருந்த சேட்டைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்துவானாம். முதல் மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டுத்தான் கூடையைத் தொடுவானாம். கேட்டுக் கேட்டு, முகம் காணாத அந்த மனிதன் இவருக்குக் கனவில் வரத் தொடங்கினான். ஈரத் தலையோடு வந்து தறிமேடையில் உட்கார்ந்துகொண்டு, சொல்லப்போகும் பகிடிக்கு முன்கூட்டியே சிரித்தான்.

அதை எழுதினார். கொழும்புப் பத்திரிகையொன்று அச்சிட்டது. முகம்மது சாலிஹ் என்று முழுப் பெயரும் அதில் இருந்தது. கரையோரத் தேத்தண்ணிக் கடையில் அதை உரத்து வாசித்தபோது பதியுதீனும் இருந்தார். கடைசிவரை கேட்டார், தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார். பிடித்துப்போயிற்று என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பத்திரிகைக்கு ஒரு நாள்தான் ஆயுசு. மறுநாள் அதில் வடை சுற்றுவார்கள். இது கடதாசியோடு திரிகிற மனிதருக்குத் தெரியாமல் போனதுதான் பிழை.

பதியுதீன் வாடிக்கு முன்னால் ஈர மணலில் யாரோ மிதித்துப்போன எண்ணெய்க் கடதாசியைக் கண்டார். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் அவருக்கு வாசிக்க வரும். தம்பியின் பெயருக்கு அவ்வளவு கூட்டத் தேவையில்லை. குனிந்து எடுத்தார், மணலைத் தட்டினார், முத்தமிட்டார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். வாடிக் கூரையின் ஓலைக்குள் செருகிவிட்டுத் திரும்பினால் மீராமுகைதீன் நிற்கிறார்.

"என்ட தம்பிக்கு அடக்கின கபுறு இல்ல மாப்பிள. போய் நின்டு ஒரு ஸலாம் சொல்ல இடமில்ல. பேரு ஒண்டுதான் மிச்சம். நபிட பேரோட சேந்த பேரு. அதயும் கால்ல போட்டுட்டீங்க." குரல் உயரவில்லை. "நீங்க அவன்ட முகத்தக் கண்டதா?"

அதன் பிறகு சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் வந்தது. கயிற்றில் மட்டும் இடம் வரவில்லை. பதியுதீனுக்குப் பின்னால் அடுத்த ஆள் நெருக்கிக் கொளுவிக்கொண்டார். இவர், கறிக்கு நாலு மீன் கிடைக்குமென்று வந்து கை கொடுக்கிறவர்களோடு கயிற்றின் மேல்நுனியில் போய் நின்றார். கவி எழுதுகிறவருக்கு எங்கே நின்றால்தான் என்ன என்று கேட்பவர்கள் ஒருநாளும் கயிறு பிடித்திருக்க மாட்டார்கள். இழுக்கும் கூட்டத்தில் ஆளில்லாதவனுக்கு அந்தக் கரை எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் விளங்கும்.

மருதமுனைக்கே திரும்பிப் போவோமா என்று ஸம்ஸியாவிடம் கேட்டார்.

"போங்க," என்றாள். "போறதுக்கு முந்தி, போட்டத பொறுக்கி எடுங்க."

பொறுக்கினார். தேத்தண்ணிக் கடை, வெற்றிலைக் கடை, கல்முனைச் சந்தையில் கருவாட்டுக் கடை என்று அலைந்தார். அந்தத் திகதிப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டு, சுற்றியிருந்த பண்டத்தையும் விலைக்கு வாங்கி, கடதாசியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டார். வீட்டில் வேண்டாத சீரகமும் கருவாடும் குவிந்தன. "இப்பதான் பேருக்கேத்த தொழில் மாப்பிளக்கி" என்று கரை சிரித்தது. ஸம்ஸியா எண்ணெய்த் தாள்களைச் சுளகில் பரப்பி வெயிலில் வைத்தாள், காகம் தூக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

சைக்கிளில் மீன் கொண்டுபோய் ஊர் ஊராக விற்கிற தங்கராசா ஒரு பகல் வந்து, சேட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தார்.

"காக்கா, சொறிக்கல்முனயில ஒரு வீட்டுல பிள்ளைட பள்ளிக் கொப்பிக்கு உறை போட்டிருந்தாங்க. உங்கட சாலிஹ்ட பேர் கண்ணுல பட்டிச்சு. கேட்டன், கழட்டித் தந்தாங்க."

"சும்மாவா தந்தாங்க?"

"ரெண்டு சூட மீன் கூடப் போட்டன். நல்ல கவிதான் காக்கா. கிழிக்க அந்தப் பிள்ளைக்கு மனமில்ல."

எல்லாம் கிடைத்தது என்று சொன்னால் அது பொய். கிடைத்ததை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு அஸறுத் தொழுகைக்குப் பிறகு வாடிக்குப் போனார். பதியுதீன் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதான் மச்சான் கிடைச்சிச்சு. மிச்சம் எங்க போச்சுதோ தெரியா."

பதியுதீன் அவிழ்த்துப் பார்த்தார். கறை, மஞ்சள், மடிப்பு. ஒவ்வொன்றிலும் அதே பெயர்.

"நான் எழுதினது பிழயா மச்சான்?"

"எழுதினதுல பிழயில்ல. கடயில கேக்கக்குள்ள எனக்கு நெஞ்சு நிறஞ்சிரிச்சி. அவன் சிரிக்கிறது அப்படியே இரிந்திச்சி அதுக்குள்ள." ஊசியை வலையில் குத்தி வைத்தார். "கண்டவன்ட கையில குடுத்தீங்களே, அதுதான்."

கூரையில் செருகியிருந்த தாளையும் எடுத்துத் துணிக்குள் வைத்தார். அப்படியான பெயருள்ள தாளை எரிப்பதும் இல்லை, எறிவதும் இல்லை. மண்ணில் புதைக்க வேண்டும் அல்லது தண்ணீரில் விட வேண்டும். இரண்டு பேரும் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார்கள். பின்னேர வெயில் அலைமேல் மஞ்சள் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாக விட்டார்கள். தாள் கொஞ்சம் மிதந்தது, நனைந்து கனத்தது, திரைச்சீலை விழுவது போல ஆடி ஆடிக் கீழே போனது. கடைசித் தாள் நெடுநேரம் இவர்களைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"போறானில்ல பாத்தீங்களா," என்றார் பதியுதீன். "அவன் எப்பவும் அப்படித்தான்."

அடுத்த விடியல் புகார் கட்டியிருந்தது. தோணி வலையைச் சுற்றிப் போட்டுவிட்டுக் கரை சேர்ந்துவிட்டது. மீராமுகைதீன் வழக்கம் போல மேல்நுனியைப் பார்த்து நடந்தார். கயிற்றின் நடுவில், பதியுதீனுக்குப் பின்னால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த ஆள் தள்ளியே கொளுவியிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. இவர் போய்க் கொளுவிக்கொண்டார்.

"கவிய எடுங்க மாப்பிள, வல பாரமா இரிக்கி," என்றது புகாருக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவர் எடுத்தது வாசிக்கிற கவி இல்லை.

"ஆழக் கடலடியில்
ஆளில்லாப் பள்ளியில
நாளும் தொழுதிருக்கான்…"

அதற்குமேல் வரவில்லை. நாலாம் அடியில் பெயர் வர வேண்டும். பெயர் நாக்கு நுனியில் நின்றது, வாயை மூடிக்கொண்டார். கயிறு விறைத்து நின்றது. அலை வந்து அத்தனை கால்களையும் நனைத்துவிட்டுப் போனது.

முன்னால் நின்ற முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது.

"நம்மட சாலிஹ் தம்பி," என்றார் பதியுதீன், கடலைப் பார்த்து.

பிறகு அவருடைய இடக்கை, திரும்பிப் பாராமலே, பின்னால் வந்தது. மீராமுகைதீனின் இடுப்பு முடிச்சைத் தேடித் தடவியது, ஓர் இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பியது.