துவைக்காத பை

செந்தில்நாதன் பாம்பைப் பிடித்துப் போடுகிற பை ஒரே ஒரு முறைதான் துவைக்கப்பட்டது. தைத்த புதிதில், மனைவி சொர்ணலதா வீட்டுத் துணிகளோடு சேர்த்து அதையும் நனைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே மைசூர் போகாதியில் ஒரு கண்ணாடி விரியன் அவர் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளிக் கொத்தியது. பல் சட்டைக்கையில் மாட்டியதால் பிழைத்தார். அதற்கப்புறம் பதினோரு வருஷமாக அந்தப் பையில் தண்ணீர் பட்டதில்லை. எந்தப் பாம்பும் அவர்மேல் பல் வைத்ததும் இல்லை.

தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்தவர். தொழில் வீட்டு வயரிங். ஆனால் பாதி ஊரின் ஃபோனில் அவர் பெயர் 'ஹாவு செந்தில்'. ஹாவு என்றால் கன்னடத்தில் பாம்பு. அழைப்பு வந்தால் ஏணியிலிருந்து இறங்கி, வனத்துறை ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்புவார். பிடிப்பார், ஒரு படம் எடுத்துக்கொள்வார், பக்கத்து ஏரிக்கரைப் புதரில் விடுவார். அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.

பிப்ரவரியில் வருணா பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் சின்ன மலைப்பாம்பு கிடைத்தது. செதிலுக்குச் செதில் உண்ணி. தோட்டக்காரர் எடுத்துவிடச் சொன்னபோது செந்தில்நாதன் சிரித்தார். "காட்டு உயிருங்க. நாம அதுக்கு டாக்டரும் இல்ல, மாமனும் இல்ல." அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோய் விட்டார்.

உகாதி கழிந்த பிறகு பிடித்த சாரையைப் பையிலிருந்து விடும்போது அதன்மேல் உண்ணி இருந்தது. அடுத்து ஒரு நாகத்தில். அப்புறம் இன்னொரு சாரையில், கண்ணை மூடுகிற அளவுக்கு. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு அப்படிப் பார்ப்பார். இப்போது விடுகிறதெல்லாம் அப்படி. ராத்திரிச் சாப்பாட்டில் கை நின்று நின்று போனது.

சொர்ணலதா முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். "என்ற ப்ளக்கரை எடுத்துட்டுப் போய்ப் புடுங்கி உடுங்க. பாம்புக்குப் புருவமும் எடுத்த மாதிரி ஆச்சு" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

மே கடைசியில், தான் வயரிங் செய்துகொடுத்த கிளினிக்கின் டாக்டர் ஹரிதாவுக்கு ஃபோன் போட்டார். மிருக வைத்தியம் படித்த பெண். பாம்பும் பார்ப்பாள்.

"ஒண்ணு ரெண்டு உண்ணின்னா விட்டுடுங்க அண்ணா. அது பாட்டுக்கு இருக்கும். நீங்க அமுக்கிப் பிடிச்சுப் புடுங்கினாதான் அதுக்குக் கஷ்டம், உங்களுக்கும் டேஞ்சர். ஆனா ஆறு பாம்புக்கு இப்படியா? எல்லாம் ஒரே ஏரியாதானே?"

"இல்லம்மா. ஒண்ணு போகாதி, ஒண்ணு ஸ்ரீராம்புரம், ஒண்ணு ரிங் ரோடு தாண்டி."

"அதுங்க ஒண்ணையொண்ணு பாத்திருக்கவே முடியாதே. பின்ன எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டு ஹரிதா காத்திருந்தாள்.

ஆணியில் தொங்கிய பையை செந்தில்நாதன் பார்த்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பார்லரின் வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். கோடு போட்ட ஜமுக்காளத் துணி, இரட்டைத் தையல். தையல் ஓரம் முழுக்கக் கசகசா சிந்தினாற்போல இருந்தது. குனிந்து பார்த்தார். கசகசாவில் ஒன்று நகர்ந்தது. துண்டின் வெள்ளைக்கு வந்ததும் நின்று, முன்கால்களைத் தூக்கி எதையோ தேடியது.

பையைச் சுருட்டி மறுபடி ஆணியில் மாட்டினார்.

"ஏனுங்க, பாத்துப்போட்டு மறுபடி மாட்டறீங்க?" வாசலில் சொர்ணலதா நின்றிருந்தாள்.

"தொவைச்சா ராசி போயிரும் புள்ள. அந்த விரியனை மறந்துட்டியா?"

"மறக்க உடறீங்களா? பதினோரு வருசமா என்ற தலையிலதான கட்டறீங்க." பக்கத்தில் வந்து துண்டைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஒருத்தி மூஞ்சியில போட்ட துண்டை அப்படியே இன்னொருத்திக்குப் போட்டா என்ற பார்லரை நான் நடத்த முடியுங்களா?"

ஆணியிலிருந்து பையை எடுத்தார். பிறகு அவரே வெந்நீர் அண்டாவை அடுப்பில் ஏற்றி, கொதித்ததும் பையையும் துண்டையும் அதில் அமுக்கினார். தண்ணீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்தது.

ஃபோன் அடித்தது. குவெம்பு நகர் குமுதவல்லி மாமி, ரிட்டையர்டு டீச்சர். மார்ச்சில் அவர் வீட்டு மோட்டார் ஷெட்டில்தான் வால் நுனி அறுந்த நாகம் ஒன்றை செந்தில்நாதன் பிடித்திருந்தார்.

"செந்தில், அந்த வால் அறுந்தவன் திரும்பி வந்துட்டாண்டாப்பா. கண்ணைச் சுத்தி அரிசியை ஒட்டினாப்ல என்னமோ இருக்கு. பாக்கவே கண்றாவியா இருக்கு."

மார்ச்சில் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தார். அதில் நாகம் எண்ணெய் பூசினாற்போல மின்னியது. ஒரு உண்ணிகூட இல்லை. அந்தப் படம் எடுத்த பிறகுதான் அது பைக்குள் போனது.

சொர்ணலதா தன் தலையணையிலிருந்து உறையை உருவிக் கொடுத்தாள். "தொவைச்சதுங்க" என்றாள், தப்புச் செய்தவள்போல. வழக்கமாகச் சொல்கிற 'பாத்துப் போங்க' வாயில் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமி வீட்டு ஷெட்டுக் கதவை செந்தில்நாதன் தள்ளினார். இடது கையில் தலையணை உறை லேசாக, பழக்கமில்லாமல் இருந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார். மோட்டாருக்குப் பின்னால் நாகம் கிடந்தது. கொக்கிக் கம்பியை நீட்டிவிட்டு, அது சீறி எழும் என்று காத்திருந்தார்.

அது படமெடுக்கவில்லை. தலை இரண்டு விரல் உயரம் எழும்பிச் சிமெண்டில் விழுந்தது. ஒரு கண் தெரியவே இல்லை. கம்பியில் ஈரக் கயிறுபோலத் தொங்கி, விட்ட இடத்தில் உறைக்குள் போனது. கொத்துவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

குமுதவல்லி மாமி சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டார். "அந்தப் பூச்சியெல்லாம் எடுத்துட்டு இவனை இங்கேயே விட்டுடேன். பாவம், எலியாவது பிடிச்சுண்டு கிடக்கும்."

"இல்லைங்கம்மா. டாக்டர்கிட்டக் கொண்டு போறேன்."

"காட்டு ஜீவன்ல தலையிடப்படாதுன்னு நீதானே சொல்லுவே?"

"இது காட்டுல வந்ததில்லைங்கம்மா" என்றார். மாமிக்குப் புரியவில்லை.

வனத்துறை ஆபீசுக்கும் ஹரிதாவுக்கும் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஜூன் வரப்போகிற வானம் சாமுண்டி மலைக்கு மேல் கறுத்து நின்றது. மற்ற ஆறு பாம்புகளை எந்தெந்தப் புதரில் விட்டோம் என்று நினைத்துப் பார்த்தார். மூன்று இடம்தான் ஞாபகம் வந்தது. அங்கே வேறு பாம்புகளும் இருக்கும்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஹேண்டில்பாரில் தொங்கிய உறையின் முடிச்சை மெதுவாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே அசைவில்லை. இன்னொரு தரம் ஆட்டினார். பின்னாலிருந்து ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்திருந்தது.