ஒரு நாள் சூப்பர்வைசர்

பெங்களூர் பொம்மசந்திராவில் என் ஷெட்டில் இருந்தது மூன்றே லேத் மெஷின். எங்கள் வரிசையில் மட்டும் அதே வேலை செய்கிறவர்கள் அரை டஜன் பேர். ஆளாளுக்கு ரேட்டைக் குறைத்து ஒருவர் பிழைப்பில் ஒருவர் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தோம். பெரிய கம்பெனி ஒன்றைப் பிடித்தால்தான் மேலே வர முடியும் என்று நாயாய் அலைந்து, ஒரு பர்சேஸ் மேனேஜரை ஷெட்டைப் பார்க்க வரச் சம்மதிக்க வைத்தேன். மூன்று மெஷினைப் பார்த்தால் மனிதர் வாசலோடு திரும்பிவிடுவார்.

பக்கத்து ஷெட்காரரிடம் போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் ஐந்து மெஷின்.

"அண்ணா, ஒரு நாளைக்கு உங்க ஷெட்டையும் என்னுதுன்னு காட்டிக்கறேன்."

எங்கள் பக்கம் இது புதிதில்லை. பார்வையிட யாராவது வந்தால் ஆளையும் மெஷினையும் இரவல் கொடுத்துக்கொள்வோம். "அதுக்கின்னா தம்பி, காட்டிக்கோ" என்றார்.

மேனேஜர் வந்தார். பக்கத்து ஷெட்டில் கையில் கிரீஸோடு நின்ற அண்ணனைக் காட்டி, "நம்ம சூப்பர்வைசர் சார்" என்றேன். அப்படிச் சொல்லப்போவதாக அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை, வாய்க்கு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. பிறகு, "ஆமா சார்" என்று வேலையை விளக்க ஆரம்பித்தார். என்னைவிட நன்றாகவே விளக்கினார். ஆர்டர் எனக்குக் கிடைத்தது.

சில மாதம் கழித்து அதே கம்பெனியில் ஆர்டர் கேட்டு அவரும் விண்ணப்பித்தார். மேனேஜர் அடையாளம் கண்டுகொண்டு, முதலாளியின் மெஷினை உன்னுடையது என்று ஏமாற்றப் பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார். "அவரையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"போன் வரும் தம்பி. ஷெட்டு என்னுதுதான்னு ஒரு வார்த்த சொல்லிடு. இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நான் இழுத்து மூட வேண்டியதுதான்."

சாயங்காலம் போன் வந்தது. உண்மையைச் சொன்னால் என் ஆர்டர் போய்விடும். அது மட்டுமா? போட்டிக்கு ஒரு ஆள் குறைவான் என்றும் நினைத்தேன். ச்சீ! நானெல்லாம் ஒரு மனுஷனா?

"நல்ல வேலைக்காரர்தான் சார், கொஞ்சம் பேராசை. நான் கண்டிச்சு வைக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை தன் ஷெட்டைத் திறக்கும் முன்பே என்னிடம் வந்தார்.

"போன் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுண்ணா. சொல்லிட்டேன்."

"நீ சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.