அப்பா தாண்டிய நாலு மணிக் கோடு

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோரிடமும் முதலில் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டும். அப்பா படுத்திருந்த மாதங்களில் பாரிசுக்குப் பக்கத்து லா கூர்னெவில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவரைப் பார்க்க வந்த பலரை நான் லிப்ட் வாசலிலேயே மறித்தேன். "அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. முன்னாலை அழுதுபோடாதேங்கோ" என்றேன். அழுகையை அடக்க முடியாத சிலர் அதே லிப்டில் திரும்பிப் போனார்கள். ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதை அப்பாவின் கதையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஏழு பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். படிப்பில் நாட்டமில்லை, காரில்தான் நாட்டம். பெற்றோல் வராத போர்க்காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் இஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் பழைய வாடகைக் கார் ஒன்றை ஓட்டினார். எத்தனையோ தாய்மாரைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். "ஒரு பிள்ளையும் என்ரை காருக்குள்ளை பிறக்கேல்லை. எல்லாத்தையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தனான்" என்பது அவருடைய பெருமை.

பாரிசுக்கு வந்தபின் லா சப்பலில் உள்ள உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு பிரெஞ்சுச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தார். அவர் ஒவ்வொரு ஜூன் மாதமும் லு மான் நகரத்துக் கார்ப் பந்தய ஓட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவார். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி ஞாயிறு நாலு மணிக்கு முடியும் ஓட்டம். முதல் வருடம் அப்பா கூடாரத்துக்குள் உருளைக்கிழங்கு சீவியபடி சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் கவனம் போய் விரலையும் வெட்டிக்கொண்டாராம். அடுத்த வருடம் ஒரு சின்ன வானொலியோடு போனார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த ஓட்டத்தின் பைத்தியம்.

அதன் சரித்திரத்தை எங்களுக்குச் சோற்றோடு ஊட்டினார். நூறு வருடத்துக்கு முன் தொடங்கியது. உலகப் போருக்காகப் பல வருடம் நின்று, போர் முடிந்து சில வருடத்தில் திரும்பவும் ஓடியது. "பாத்தியோ, நிண்டது திரும்ப ஓடும்" என்பார். முற்காலத்தில் ஓட்டிகள் வீதியைக் குறுக்கே ஓடிக் கடந்து காரில் ஏறவேண்டும். ஒரு வருடம் ஒருவர் மட்டும் ஓடாமல் நடந்துபோய், இருக்கைப் பட்டியை ஆறுதலாகக் கட்டி, கடைசியாகப் புறப்பட்டு, அந்த ஓட்டத்தையே வென்றார். அதோடு அந்த வழக்கம் ஒழிந்தது. பார்க்கப்போன எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே விபத்தில் செத்த வருடமும் உண்டு. அந்தக் கதையைக் கேட்டபின் ஒவ்வொரு ஜூனிலும் அவர் திரும்பி வரும்வரை எனக்குப் பதற்றத்தில் சோறு இறங்காது. "உது பதகளிப்புப் பெட்டி" என்று அம்மாவிடம் என்னைக் காட்டிச் சிரிப்பார்.

அவருக்கு மிகவும் பிடித்தது வென்றவர்களின் கதையல்ல. இஞ்சின் உயிரை விடும் நிலையில் உள்ள கார், முடிவுக்கோட்டுக்குக் கிட்டவே காத்து நிற்கும். நாலு மணியானதும் மெல்ல ஊர்ந்து கோட்டைத் தாண்டும். தாண்டினால்தான் ஓடி முடித்ததாகக் கணக்கு.

சிறுவயதிலிருந்தே வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களையெல்லாம் நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். அலுவலகங்களிலும் நான்தான் அவருக்காகப் பேசினேன். அவருடைய பிரெஞ்சு வானொலியில் பொறுக்கிய கார்ப் பிரெஞ்சு என்று நாங்கள் கேலிசெய்வோம். இந்த வருடம் மாசி மாதம் வைத்தியர் எங்கள் இருவரையும் இருத்தி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏப்ரல் வரை தாங்கினால் அதிகம் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"கொஞ்சம் களைப்பாம் அப்பா. மருந்து எடுத்தால் சரியாம்."

"அப்ப ஜூனிலை ஓட்டம் பாப்பனோ?"

"ஓம் அப்பா. கட்டாயம் பாப்பியள்."

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதங்களை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்தேன். தொலைபேசியைக் குளியலறைக்குள் கொண்டுபோய்ப் பேசினேன். ரூ பஜோல் வீதியிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனால்கூட என்ன கேட்பதென்று தெரியவில்லை. அப்பா உண்மையை அறிந்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். அறியாமலே போய்விட்டால், யாரிடமாவது சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் போக வைத்த பாவம் எனக்கல்லவா என்ற பயம் மறுபக்கம்.

ஏப்ரல் போனது. மே போனது. அப்பா வாய்வழியாகத் தண்ணீர் மட்டும் எடுத்தார். ஜூனில் அந்தச் சனிக்கிழமை கட்டிலைத் தொலைக்காட்சிக்கு நேரே திருப்பினோம். பெரும்பாலும் கண்மூடியே கிடந்தார். ஞாயிறு நாலு மணிக்கு முடிவுக்கொடி அசைந்தபோது கண்ணைத் திறந்தார். பின்னால் ஊர்ந்து வந்த கடைசிக் கார் கோட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"டொக்டர் ஏப்ரல் எண்டெல்லே சொன்னவர்?"

நான் மற்றக் கையால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"எவ்வளவு நேரம் தாங்கும், இனித் திருத்த ஏலாது... உந்தப் பிரெஞ்சுச் சொல்லுகளை வருஷாவருஷம் ஓட்டத்து றேடியோவிலை கேட்டனான், பிள்ளை. எனக்கு விளங்காதே? நீ சொன்னமாதிரி ஓட்டம் பாத்திட்டன். இனி அப்பாவுக்குப் பொய் சொல்லிப்போட்டன் எண்டு கிடந்து பதகளிக்காதை."

புதன்கிழமை காலை, அம்மா அவருடைய தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

லிப்ட் வாசலில் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், இறுதிக் கிரியைகளைப் பொறுப்பெடுத்துச் செய்த உறவினருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வைத்தியருக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊரான ஒபர்வில்லியேயிலிருந்து தினமும் வீட்டுக்கு வந்த தாதி, செத்தவீட்டன்றுதான் என்னிடம் சொன்னார். ஊசி போடும்போதெல்லாம் அப்பா தன் கார்ப் பிரெஞ்சில் அவரிடம் இரண்டு விடயம் சொல்வாராம்: ஓட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள்? எனக்கு எல்லாம் தெரியும் என்று மகளுக்குச் சொல்லவேண்டாம். அதே தாதியிடம் நானும் கதவடியில் வைத்து, அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் கெஞ்சியிருக்கிறேன். இருவருக்கும் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப்போன அந்தப் பெண்மணிக்கு இந்த மலரின் முதல் பிரதியைக் கொடுக்கப்போகிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருத்தி நான் பிரெஞ்சில் வாசித்துச் சொல்வேன், இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல்.

மகள்