கடப்பாக்கத்துக்கு நான் கொண்டுபோன பூச்சி

ஆடுகளுக்குச் சொறி கொடுக்கும் பூச்சியில் ஊருக்கு ஊர் மரபணு வேறுபாடு உண்டா என்பதுதான் என் ஆராய்ச்சி. நெம்மேலியிலிருந்து கடப்பாக்கம் வரை கொட்டில் கொட்டிலாகப் போவேன். ஆட்டுத் தோலை ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துவருவேன். வீட்டுக்கு வீடு கையுறை மாற்றுவேன், பிளேடு மாற்றுவேன், செருப்பைக் கழுவுவேன். பெரிய சுத்தக்காரி! ஆனால் மண்டிபோடவும் ஆட்டைச் சாய்க்கவும் விரித்த கோணி மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றேதான். அதை ஒரு சாமானாகவே நான் நினைக்கவில்லை.

அன்று காலை நெம்மேலிப் பண்ணையில் சொறி பிடித்த கிடா ஒன்றைச் சுரண்டினேன். மதியம் கடப்பாக்கம். மீன் விற்கும் அக்கா ஒருவரின் ஆறு ஆடுகள், மேலில் ஒரு கீறல் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆடும் வேண்டுமே என்று அங்கேயும் கோணியை விரித்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். "டாக்டரம்மா, ஆடுங்கல்லாம் சொறிஞ்சிகினே கீது. வந்து இன்னான்னு பாரு."

போனேன். காதெல்லாம் பொருக்கு. ஆறும் ஓலைவேலியில் சரக் சரக்கென்று உரசிக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டில் அவருடைய ஓரகத்தி. நான் முன்பு வந்துபோன வாரம்தான் அவர் சந்தையில் இரண்டு ஆடு வாங்கியிருந்தார். "இவ இட்டாந்த பீடதான் இது, நாசமாப் போறவ!" என்று வேலியோரம் நின்று அக்கா கத்தினார். இரண்டு வீட்டு ஆடுகளையும் சுரண்டினேன். ஓரகத்தியின் ஆடுகளில் ஒரு பூச்சிகூட சிக்கவில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சுரண்டலில் சிக்காவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை, படித்தவள் அவசரப்படக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மரபணு முடிவு வந்தது. அக்கா ஆடுகளின் பூச்சியும் நெம்மேலிக் கிடாவின் பூச்சியும் ஓரெழுத்து பிசகாமல் ஒன்று. இடையில் இருந்த எந்த ஊரிலும் அந்த வகை இல்லை. இரண்டு கொட்டிலுக்கும் அன்று போனவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வீடு நான் மாற்றாதது அந்தக் கோணி ஒன்றுதான்.

இன்னொரு முறை சோதித்து உறுதி செய்துகொள்ளலாம் என்று இரண்டு மாதம் கடத்தினேன். உறுதியாவது மண்ணாவது, பயம். பஸ்ஸில் உட்கார்ந்தால் காதில் சரக் சரக். மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் அரித்தது. நகத்தால் கீறிக் கீறிப் புண்ணாக்கினேன். அதற்குள் அக்கா மறுபடி போன் செய்தார். ஊர் ஏச்சு தாங்காமல் ஓரகத்தி எல்லா ஆட்டையும் கறிக்கடைக்கு ஓட்டிவிட்டாராம். "ஒயிஞ்சது பீட," என்று சிரித்தார்.

மறுநாளே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவளாண்ட போய் சொல்லு."

அடுத்த வீட்டு வாசலுக்குப் போனேன். ஓரகத்தி நிலையைப் பிடித்தபடி முழுதும் கேட்டார். காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. ஓரடி முன்னால் வைத்தேன்.

"படி ஏறாத டாக்டரம்மா, அங்கியே நில்லு," என்றார். "கறிக்கு ஓட்டாத குட்டி ஒண்ணு உள்ள கீது."